நெருப்புக் காட்டிய கால்

சல்லிக் கரையில் கருவாடு போடும் இரத்தினேஸ்வரிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "செல் பட்டதோ அக்கா? மிதிவெடியோ?"

அவளுக்கு எரிச்சல் வந்துவிடும். "ஏன், திருகோணமலையில ஒருத்தருக்கும் வேற விதமா வருத்தம் வராதோ? திருக்கை முள்ளுக் குத்தினது. சீனி வருத்தம் இருந்தது. புண் மாறேல்ல. வெட்டிப்போட்டினம்." ஒரே மூச்சில் இதைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

நாற்பத்தெட்டு வயது. கட்டையான, பருத்த உடம்பு. குரல் மட்டும் கடற்காற்றை எதிர்த்துக் கூப்பிட்டுப் பழகிய குரல். பக்கத்தில் இருப்பவரிடம் கதைத்தாலும் அக்கரைக்குக் கேட்கும். புருசன் தம்பு கரைவலைக்குப் போகிறவர். அவர் பேசுவது குறைவு. இருவருக்குமான பேச்சையும் அவளே பேசிவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

கால் போனபிறகு ஒரு வருடம் ஊன்றுகோலோடு திரிந்தாள். கருவாட்டுத் தட்டியைத் திருப்பிப் போட இரண்டு கையும் வேண்டும்; ஊன்றுகோல் ஒரு கையைத் தின்றுவிடும். அதனால் மணலில் இருந்தபடி அரைந்து அரைந்து தட்டிக்குத் தட்டி போவாள். அப்போதுதான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய கால் பொருத்தும் நிலையத்தைப் பற்றி ஆசுபத்திரியில் சொன்னார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனம். அளவெடுத்தார்கள். அச்செடுத்தார்கள். சில வாரங்களில் கால் தயார் என்று அழைப்பு வந்தது.

நிலையத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. பட்டினத்தில் ஒரு மண்டபம் எடுத்து, மேடை போட்டு, வாழை கட்டி, விருந்தினர்களை அழைத்துக் கொடுத்தார்கள். நிலையத்தின் பொறுப்பாளர் பிரகலாதன் ஒலிவாங்கியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் புதுக்காலோடு மேடையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து காட்ட வேண்டும். சபை கைதட்டும். கமராக்காரர் படம் எடுப்பார். இரத்தினேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. "என்ன இது, மாட்டுச் சந்தை மாதிரி?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணின் காதில் சொன்னாள். அந்தப் பெண் மூதூரைச் சேர்ந்த உம்மு குல்சும். அறுபது வயதிருக்கும், அவருக்கும் சீனி வருத்தத்தால் போன கால்தான். அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் கால் கால்தான். வீட்டுக்கு வந்ததும் இரத்தினேஸ்வரி நேரே கரைக்குப் போய், ஈர மணலில் இரண்டு காலிலும் நின்றாள். இரண்டு கையாலும் ஒரு தட்டியைத் தூக்கித் திருப்பினாள். தம்பு வலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"உங்களவிட உயரமா இருக்கு," என்றாள் அவள்.

கால் மிக எளிய அமைப்பு. மேலே முழங்காலுக்குக் கீழுள்ள மிச்சத்தைச் செருகும் பிளாஸ்டிக் கூடு. கீழே இறப்பர் பாதம். இரண்டையும் இணைப்பது ஒரு அலுமினியக் குழாய். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான் நிலத்துக்கு இறங்குகிறது. நடக்கும்போது குதி தூக்கி விரல் நுனியில் உந்தும் கணத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலேதான் குழாய்க்கு ஆகப் பெரிய வளைவு விசை வரும்.

அந்த இடத்தில்தான் வளைந்தது.

அவள் அன்று மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் நின்றது. வலது காலை நிலத்தில் வைப்பதற்காக இடது காலில் பாரத்தைக் கொடுத்து இறங்கினாள். சத்தமே இல்லை. முறிந்திருந்தால் ஒரு சத்தமாவது கேட்டிருக்கும் என்று பிறகு சொல்வாள். ஈரக் களி மண் மாதிரி மடிந்து போனது. பாதம் ஒரு பக்கம் திரும்பி நின்றது. அவள் தார் ரோட்டில் முகம் குப்புற விழுந்தாள், வலது கையை ஊன்றி. மணிக்கட்டு உடைந்தது. பின்னால் இறங்க வந்த பெண்பிள்ளை அந்தத் திரும்பிய பாதத்தைப் பார்த்துவிட்டு உண்மைக் கால் என்று நினைத்துக் கத்தினாள். நடத்துநர் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பிடித்து இருத்தினார்.

மாக்கட்டுப் போட்ட கையோடு, வளைந்த காலை ஒரு உரப்பைக்குள் போட்டுக்கொண்டு, தம்புவின் தோளைப் பிடித்தபடி இரத்தினேஸ்வரி ஓர்ஸ் ஹில்லுக்குப் போனாள். பிரகலாதன் அவர்களைத் தன் அறைக்குள் அழைத்தார். நல்ல மரியாதையான மனிதர், சட்டையில் சுருக்கமில்லை. தேநீர் வரவழைத்தார். காலைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைத் தலையிலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அம்மா இப்ப என்ன நிறை?"

"ஏன்?"

"இல்லை, நிறை கூடினால் கால் தாங்காது பாருங்கோ. அதோட நீங்கள் கருவாட்டுத் தொழில். கூடை, பெட்டி தூக்குவீங்கள்தானே?"

"நான் அண்டைக்குக் கிளினிக்குக்குப் போனனான். கையில ஒரு பை. அதுக்குள்ள ஒரு தண்ணிப் போத்தல். இதுதான் தூக்கினது."

"அண்டைக்கு இல்லாட்டியும் முந்தித் தூக்கியிருப்பீங்கள். இப்பிடித்தான் அம்மா, நாங்கள் குடுக்கிறதை நீங்கள் கவனமாப் பாவிக்கிறேல்ல. பரவாயில்லை, நான் உங்களுக்கு வேற கால் தாறன். அடுத்த மாதம் எங்கட விழா இருக்கு. நீங்கள் வந்து ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. நல்லாப் பேசுவீங்கள் போல."

கருவாடு விற்கிற பெண்ணுக்குக் கால் கொடுத்துவிட்டுக் கூடை தூக்காதே என்பவரை என்னவென்று சொல்வது? மேடையில் பத்தடி நடந்து காட்டத்தான் அந்தக் காலா? இரத்தினேஸ்வரிக்குக் காது சூடாகிப் போனது.

"சேர், இது ஏன் வளைஞ்சது?" என்று கேட்டாள்.

"அதுதான் சொன்னேனே."

"நீங்கள் என்னைப் பாத்துச் சொன்னீங்கள். காலைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் சிரித்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார். அவள் தேநீரைத் தொடவில்லை. அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்த மாற்றுக் காலை மட்டும் தம்பு வாங்கி உரப்பைக்குள் வைத்தார். அவள் அதைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் வளைந்தது என்று தெரியாமல் இன்னொன்றில் ஏறி நின்றால் மற்றக் கையும் போகும்.

உட்துறைமுகக் கரையில் அலுமினியப் படகுகள் கட்டும் தனியார் தளம் ஒன்று இருக்கிறது. யாரைக் கேட்பது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் புறுபுறுத்துக்கொண்டு வந்தபோது, அந்தத் தளத்தை ஞாபகப்படுத்தியது தம்புதான். "அலுமினியத்தைப் பற்றி அவங்களிட்டத்தான் கேக்கலாம்." அன்றைக்கு அவர் பேசிய ஒரே வசனம் அது.

வாசலில் காவலாளி விடவில்லை. இரத்தினேஸ்வரி வாசலில் நின்றே தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய குரலுக்கு உள்ளேயிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஷிஃபானா. கிண்ணியாக்காரி, உலோகங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவள், அந்தத் தளத்தில் தகடுகளையும் வெல்டிங் மூட்டுகளையும் சோதித்துச் சரி பிழை சொல்வது அவளுடைய பொறுப்பு.

"உள்ளுக்கு வாங்க அக்கா. பையில என்ன?"

"என்ர கால்."

ஷிஃபானா காலை மேசையில் வைத்து, விளக்கை இழுத்துப் பார்த்தாள். வளைந்த இடத்தைத் தடவினாள். குழாயின் கீழ் நுனி பாதத்தின் துளைக்குள் போவதற்காக நெரித்து ஒடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தாள். பிறகு லாச்சியிலிருந்து குறடு மாதிரி ஒரு கருவியை எடுத்தாள். அதன் ஒரு வாயில் ஊசி, முதுகில் ஒரு சின்ன வட்ட முகப்பு. குழாயின் சுவரை வாய்க்குள் கவ்வி அழுத்தினால் ஊசி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதை முகப்பிலுள்ள முள் காட்டும். கடினமான உலோகமென்றால் ஊசி இறங்காது, முள் மேலே போகும்.

குழாயின் மேல் நுனியில் கவ்வினாள். முள் விறுக்கென்று மேலே ஏறியது. கீழ் நுனியில், வளைந்த இடத்துக்குப் பக்கத்தில் கவ்வினாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அவள் கருவி பழுதோ என்று நினைத்து மேசையில் கிடந்த ஒரு படகுத் தகட்டுத் துண்டில் சோதித்தாள். கருவி சரி. மறுபடியும் கீழ் நுனி. மறுபடியும் அதே.

"அக்கா, இந்தக் கால் உங்கட பாரத்தால வளையேல்ல," என்றாள். "இதின்ட அடியை ஆரோ நெருப்பில காச்சி இருக்கிறாங்க."

"காச்சினால்?"

"காச்சினால் பதம் போயிரும்."

இரத்தினேஸ்வரி கதிரையை இழுத்து முன்னால் போட்டாள். "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு பிள்ளை. நான் திரும்பப் போய் அந்த மனுசனுக்குச் சொல்லவேணும்."

ஷிஃபானா சொன்னாள். தனி அலுமினியம் கரண்டி மாதிரி, கையால் வளைக்கலாம். அதனால் கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கனும் கலந்து கலப்புலோகம் ஆக்குவார்கள். ஆனால் கலந்தால் மட்டும் போதாது. உலையில் ஐந்நூறு பாகைக்கு மேலே சூடாக்கினால் அந்த இரண்டும் அலுமினியத்துக்குள் கரைந்து போகும்.

"கொதிக்கிற தேத்தண்ணிக்குள்ள சீனி கரையிற மாதிரி. அந்தச் சூட்டோட சட்டெண்டு தண்ணியில அமத்தணும். அப்பதான் கரைஞ்ச சாமான் வெளியால வர நேரமில்லாம உள்ளயே மாட்டுப்படும். பிறகு நூற்றெழுபது பாகை மாதிரி ஒரு இளஞ்சூட்டில மணிக்கணக்கா வைக்கணும். அப்ப அது கண்ணுக்குத் தெரியாத துணிக்கையா, உலோகம் முழுக்கப் பரவி உறையும். உலோகம் வளையிறது எண்டால் அதுக்குள்ள அடுக்கடுக்கா வழுக்குறதுதான். இந்தத் துணிக்கை ஒவ்வொண்டும் வழியில கிடக்கிற கல்லு மாதிரி. வழுக்க விடாது. உங்கட குழாயின்ட மேல் பக்கம் இப்பவும் அப்பிடித்தான் இருக்கு."

"கீழ்ப் பக்கம்?"

"கீழ்ப் பக்கத்துக்கு ஆரோ சுவாலை பிடிச்சிருக்காங்க. அளவில்லாத சூட்டில அந்தத் துணிக்கையெல்லாம் ஒண்டோட ஒண்டு சேர்ந்து, அங்க ஒண்டு இங்க ஒண்டாப் பெருத்துப் போயிடும். நடுவில வழி திறந்து கிடக்கும். பிறகு தானா ஆற விட்டால் பலம் திரும்பி வராது. நாலில ஒரு பங்கு மிஞ்சினால் பெரிய காரியம்."

"ஆனா நிறம் மாறேல்லையே. பாரமும் அதேதானே?"

"மாறாது. அதுதான் அலுமினியத்தின்ட கெட்ட குணம் அக்கா. இரும்பெண்டால் சூட்டில சிவக்கும், ஆறினாலும் நீலம் பாரிச்சுக் காட்டிக் குடுக்கும். இது உருகப்போற வரைக்கும் முகத்தில ஒண்டையும் காட்டாது. சின்னப் பாரத்துக்கு நல்ல குழாய் எவ்வளவு நெளிஞ்சு குடுக்குமோ அவ்வளவுதான் இதுவும் நெளியும். நீங்க மேடையில நடந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் படியில இறங்குவீங்க. அண்டைக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, வளைந்த குழாயிலேயே மேலே ஒரு கீலமும் கீழே ஒரு கீலமும் அறுத்து எடுத்து, அவளுடைய நல்ல கையில் கொடுத்தாள். மேல் கீலத்தை இரத்தினேஸ்வரி மேசை விளிம்பில் வைத்து அமத்தினாள். விட்டதும் அது விசுக்கென்று நிமிர்ந்தது. கீழ்க் கீலத்தை அமத்தினாள். அது அப்படியே மடிந்து கிடந்தது. அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது என்று ஷிஃபானா பிறகு சொன்னாள். இரத்தினேஸ்வரியோ, அது கண்ணீரில்லை, கோபத்தில் கண் சிவந்தது என்பாள்.

"மற்றக் காலையும் பார்," என்றாள்.

உரப்பையிலிருந்த மாற்றுக் காலின் அடியையும் கருவி கவ்வியது. முள் அசையவில்லை.

மறுநாள் ஷிஃபானா விடுப்பு எடுத்துக்கொண்டு இரத்தினேஸ்வரியோடு ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தாள். பிரகலாதன் இந்தத் தடவை தேநீர் வரவழைக்கவில்லை. ஷிஃபானா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கீலங்களை வளைத்தும் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்கவில்லை என்றால் மன்னிக்கலாம்.

"மிஸ், நீங்கள் சொல்லுறது ரெண்டு காலைப் பற்றித்தானே?" என்றார். "ரெண்டை வச்சு எல்லாத்தையும் பிழை சொல்ல ஏலாது."

"எல்லாத்தையும் சோதிக்கத்தான் சொல்றன் சேர். குடுத்த எல்லாக் காலையும் திரும்பக் கூப்பிடுங்க. நான் வந்து சும்மா சோதிச்சுத் தாறன்."

"சனத்தைப் பயப்படுத்தப் போறீங்களோ? கால் கிடைச்சு அவையள் சந்தோசமா இருக்கினம். விழா வேற கிட்டுது. கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். விழா முடியட்டும், பிறகு ஆறுதலாப் பாப்பம்."

"அதுக்குள்ள ஆரும் விழுந்தால்?" என்று கேட்டாள் இரத்தினேஸ்வரி.

"கவனமா நடக்கச் சொல்லிச் சொல்லுவம் அம்மா."

அவர்கள் வெளியே வந்து வாசல் வேப்ப மரத்தடியில் ஓட்டோவுக்காக நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு இளைஞன் ஓடி வந்தான். ஹஸ்மி. நிலையத்தில் கால்களைப் பொருத்துகிறவன். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, நான்தான் காச்சினது," என்றான்.

குழாய்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவை. பாதங்கள் இன்னொரு இடத்திலிருந்து வந்தவை. குழாய் பாதத்தின் துளையைவிடக் கொஞ்சம் அகலம். நெரித்துச் சிறிதாக்கப் பார்த்தால் நுனி வெடித்தது. அதற்குரிய இணைப்புத் துண்டுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். வர இரண்டு மாதமாகும். ஆனால் முதல் விழாவுக்குத் திகதி குறித்தாயிற்று, அழைப்பிதழும் அடித்தாயிற்று. பிரகலாதன்தான், வாகனத் தகரம் அடிக்கிறவர்கள் செய்வது போலக் காய்ச்சி நெரிக்கச் சொன்னார். அது சரிவந்ததும் அந்தத் துண்டுகளே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

"சவுக்காரத்தைத் தேச்சுப்போட்டுச் சுவாலை பிடிக்கிற. சவுக்காரம் கறுத்தால் சூடு காணும். பிறகு லேசா நெரியும்."

ஷிஃபானா நெற்றியில் கை வைத்தாள். "தம்பி, அது தகரத்தைப் பதமிழக்கச் செய்யிறதுக்கெண்டே செய்யிற வேலை. பம்பரை நெளிச்செடுக்கலாம். அதில மனிசர் ஏறி நிக்க ஏலாது."

"எனக்குத் தெரியாது மிஸ். ஆனா பயிற்சி தர வந்த வெள்ளைக்காரர் போகேக்க சொல்லிட்டுப் போனவர், இந்தக் குழாய்க்கு நெருப்புக் காட்ட வேணாமெண்டு. நான் சேரிட்ட ஞாபகப்படுத்தினன். 'ஒரு நிமிசச் சூடு என்ன செய்யும், செய்' எண்டார்." அவன் திரும்பி நிலையத்தின் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அக்கா, உங்கட மட்டுமில்ல. உங்களுக்கு முந்தி மூதூரில ஒராளின்டயும் வளைஞ்சிட்டு. உம்மு குல்சும் மாமி."

மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்த முகம் இரத்தினேஸ்வரிக்கு நினைவு வந்தது.

அன்றே மூன்று பேரும் மூதூருக்குப் போனார்கள். உம்மு குல்சும் மகளின் வீட்டு முன்னறையில் கட்டிலில் இருந்தார். இரத்தினேஸ்வரிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கையில் தோல் தொங்கியது. கால் கதவுக்குப் பின்னால் ஒரு துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கிணற்றடியில் வளைந்து விழுந்திருக்கிறார். இடுப்பில் அடி.

"என்ன ராத்தா, இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்? சீனி கூடிட்டுதோ?"

"சீனி இல்ல மகள். நான்தான் சாப்பாட்டைக் குறைச்சது," என்றார் உம்மு குல்சும். "நான் பாரமாம். அதுதான் கால் வளைஞ்சதாம். அந்தச் சேர் சொன்னார், நிறையைக் குறைச்சுட்டு வாங்க, வேற கால் தாறம் எண்டு. ராவையில ஒண்டும் தின்னுறல்ல. பகலைக்குக் கொஞ்சம் கஞ்சி. இன்னும் எவ்வளவு குறைக்கணுமெண்டு தெரியல்ல. நீங்க போனால் கேட்டுச் சொல்லுவீங்களா?"

சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிற பெண். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுகிற உடம்பு. அவர் இரண்டு தடவை அப்படி மயங்கியதாகவும், சொன்னாலும் கேட்கிறாரில்லை என்றும் மகள் சொன்னாள். ஒருவர் விழாத் திகதிக்காக நெருப்பைக் காட்டச் சொன்னார்; அதற்காக இன்னொருவர் பட்டினி கிடந்தார். அதுவும் தன்னுடைய பிழைதான் என்று நம்பிக்கொண்டு, ஒரு முறைப்பாடும் இல்லாமல்.

ஷிஃபானா அந்தத் துணியை அவிழ்த்து, குழாயைக் கருவியால் கவ்விக் காட்டினாள். மேலே முள் ஏறியது. கீழே ஏறவில்லை. "உங்கட பாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமி. நீங்க பாதிப் பாரம் ஆகினாலும் இது ஒரு நாள் வளையும்."

ஹஸ்மி கட்டிலுக்குக் கீழே நிலத்தில் இருந்தான். "நான் செஞ்ச பிழை மாமி. மன்னிச்சுக்கங்க," என்று தலை குனிந்தபடி சொன்னான்.

உம்மு குல்சும் அவனைப் பார்த்தார். பிறகு ஷிஃபானாவைப் பார்த்தார். கோபமோ அழுகையோ அவர் முகத்தில் வரவில்லை.

"அப்ப நான் சோறு தின்னலாமா?" என்று கேட்டார்.

இரத்தினேஸ்வரி எழும்பி வெளியே போய்விட்டாள். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது, விழாவுக்குக் கருவியோடு வரச்சொல்லி ஷிஃபானாவிடம் கேட்டாள்.

விழாவுக்கு அவளுக்கு அழைப்பு இருந்தது. நன்றி சொல்லுவதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அதை இரத்துச் செய்யப் பிரகலாதன் மறந்துவிட்டார், அல்லது அவள் வரமாட்டாள் என்று நினைத்துவிட்டார். அவள் வந்தாள். ஊன்றுகோலோடு, ஒற்றைக் காலில், மாக்கட்டுக் கையோடு வந்தாள். முன்பு கால் வாங்கியவர்கள் பலரும் கைதட்டுவதற்காகப் பஸ்ஸில் ஏற்றி வரப்பட்டிருந்தார்கள். ஷிஃபானா கடைசி வரிசையில் இருந்தாள். கருவி அவளுடைய கைப்பையில் இருந்தது.

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் இரத்தினேஸ்வரி மேடையில் ஏறினாள். பிரகலாதன் எழும்பி வருவதற்குள் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டாள்.

"என்னை நன்றி சொல்லக் கூப்பிட்டவை. எனக்கு விளங்கின கதையைச் சொல்லிப்போட்டுப் போறன். நீங்கள் எல்லாரும் போட்டிருக்கிற காலின்ர அடியை நெருப்பில காச்சி நெரிச்சிருக்கு. காச்சினால் பதம் போகும். என்ரது பஸ்ஸடியில வளைஞ்சது. மூதூர் ராத்தான்ர கிணத்தடியில வளைஞ்சது. ரெண்டு பேருக்கும் ஒரு பதில்தான் சொன்னவை: நீ பாரம். அந்த மனுசி பாரத்தைக் குறைக்கிறன் எண்டு பட்டினி கிடந்து சாகப் பாத்தவ."

பிரகலாதன் கையைக் காட்டினார். ஒலிவாங்கி நின்றது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"விழா முடியட்டும் பிறகு பாப்பம் எண்டு எனக்குச் சொன்னவர் இந்தச் சேர். நாங்கள் விழுந்தெழும்புறது இவையளுக்குக் காரியமில்லை. படம் வந்தால் காணும்!"

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசை விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வந்து அவளை இறக்கப் பார்த்தார். அப்போது நடுவிலிருந்து ஒருவன் எழும்பினான். ஈச்சிலம்பற்றைச் சேர்ந்த லதீசன், வயலில் வேலை செய்கிறவன். கதிரையைப் பிடித்தபடி தன் காலைக் கழற்றினான். எல்லோருக்கும் முன்னால் அதைக் கழற்ற அவன் வெட்கப்பட்டது தெரிந்தது. கழற்றி, பின்வரிசையில் கருவியோடு எழும்பி நின்ற ஷிஃபானா பக்கம் நீட்டினான்.

"மிஸ், என்ரதையும் பாருங்கோ. நான் வரம்பில நடக்கிறனான்."

ஷிஃபானா கருவியை வைத்து அழுத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலே ஏறிய முள் கீழே ஏறவில்லை. அதற்குப் பிறகு யாரும் மேடையைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகக் கழற்றிக் கொடுத்தார்கள். ஹஸ்மி வரிசையிலிருந்தவர்களிடம் கால்களை வாங்கி வாங்கி அவளுடைய கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்று கொடுப்பதற்காக மேடையில் ரிபன் கட்டி அடுக்கியிருந்த புதுக் கால்களையும் அவனே எடுத்து வந்தான். அநேகமாக எல்லாமே பதம் போனவை. வேறு வகைக் குழாய் போட்ட ஒன்றிரண்டு மட்டும் தப்பியிருந்தன.

விருந்தினர்களில் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஒரு வைத்தியரும் இருந்தார். அவர் எழும்பி வந்து, கருவியைத் தானே வாங்கி இரண்டு கால்களில் அழுத்திப் பார்த்துவிட்டு, அங்கேயே நிலையத்தின் வேலையை நிறுத்தச் சொன்னார்.

காய்ச்சிய குழாயைத் திரும்பப் பதப்படுத்த முடியாதா என்று அவர் ஷிஃபானாவிடம் கேட்டார். முடியும், ஆனால் குழாய் முழுவதையும் உலையில் வைத்து, சரியான சூட்டில் பிடித்து, நீரில் அமத்தி, பிறகு மணிக்கணக்காக இளஞ்சூட்டில் வைக்க வேண்டும் என்றாள் அவள். அதற்கான உலை படகுத் தளத்திலும் இல்லை. படகுக்கு அவர்கள் பாவிப்பது இந்தப் பதப்படுத்தல் தேவைப்படாத வேறு அலுமினியம். கடைசியில், பதம் போன குழாய்களை வீசிவிட்டுப் புதுக் குழாய்களை வெட்டி, படகுத் தளத்தில் கடைந்த இணைப்புத் துண்டை நெருப்பே காட்டாமல் ஆணி முடுக்கிப் பொருத்துவதென்று தீர்மானமானது. எல்லோருக்கும் கால் திரும்பக் கிடைக்க ஐந்து மாதம் போயிற்று. அந்த ஐந்து மாதமும் லதீசன் வயலுக்குப் போகவில்லை. அவனைப் போல எத்தனையோ பேர் வீட்டுக்குள் இருந்தார்கள். முன்பே நிலையம் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இது ஒன்றும் தேவைப்பட்டிராது.

நிறுவனம் "தொழில்நுட்பக் குறைபாடு" என்று ஒரு அறிவிப்பு விட்டது. குறைபாடு ஏதோ வானத்திலிருந்து விழுந்தது போல அதில் எழுதியிருந்தார்கள். யார் செய்யச் சொன்னது, யார் தடுத்தது, யார் விழுந்தது என்று ஒரு சொல் இல்லை. பிரகலாதன் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். பிரியாவிடை வைத்து மாலை போட்டு அனுப்பினார்கள் என்று கேள்வி. அவர் போவதற்கு முன் இரத்தினேஸ்வரி கந்தோருக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டாள்: மூதூருக்குப் போய், பிழை அவருடைய பாரத்தில் இல்லை என்று உம்மு குல்சுமிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். "ஆளனுப்புறன் அம்மா," என்றார் அவர். யாரும் போகவில்லை.

ஹஸ்மி வேலையை விடப் பார்த்தான். இரத்தினேஸ்வரிதான் விடவில்லை. "நீ ஓடினால் நாளைக்கு வாறவன் திரும்பக் காச்சுவான். இருந்து ஒழுங்காச் செய்," என்றாள். உம்மு குல்சும் இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறார். ஆனால் இடுப்பு நோவால் இன்னும் பொருத்திய காலில் அதிக நேரம் நிற்க ஏலாது.

இரத்தினேஸ்வரியின் புதுக் கால் பொருத்திய நாளன்று ஷிஃபானா வந்து குழாயை மேலும் கீழும் நடுவிலும் அழுத்திப் பார்த்தாள். முள் எல்லா இடத்திலும் ஏறி நின்றது. நிறுவனத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் கமராவைத் தூக்கினார்.

"அம்மா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"மூதூருக்குப் போயிட்டு வந்தீங்களோ தம்பி?"

"எங்க?"

"போயிட்டு வாங்கோ. சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு நான் எவ்வளவு நேரமெண்டாலும் சிரிக்கிறன்."

அவர் விளங்காமல் ஹஸ்மியைப் பார்த்தார். இரத்தினேஸ்வரி படிகளில் இறங்கி, தம்பு பிடித்து நிறுத்தியிருந்த ஓட்டோவை நோக்கி நடந்தாள். அன்று காலையில் காயப்போட்ட சூடைமீன் கருவாட்டை வெயில் சாய்வதற்குள் திருப்ப வேண்டியிருந்தது.